"தெரியாது" என்று சொல்லும் துணிவு!

"ஆணி தண்ணீரில் மூழ்கிவிடுகிறதே, அத்தனை பெரிய இரும்புக் கப்பல் மட்டும் எப்படி ஐயா மிதக்கிறது?"

கேட்டவன் ஏழாம் வகுப்பு மாணவன். கேட்கப்பட்டவர் அவனுக்கு விஞ்ஞானம் கற்பிக்க வந்த ஆசிரியர். கிடைத்த விடை என்ன தெரியுமா?

"உட்காரடா, அதிகப்பிரசங்கி! புத்தகத்தில் இருப்பதைப் படி!"

உட்கார்ந்தான் மாணவன். அவனோடு சேர்ந்து உட்கார்ந்துவிட்டன, அந்த வகுப்பிலிருந்த நாற்பது பிள்ளைகளின் கேள்விகளும். அன்று முதல் அங்கே அமைதி நிலவிற்று. தலைமை ஆசிரியர் வந்தார், பார்த்தார், "ஒழுங்கான வகுப்பு" என்று பாராட்டிச் சென்றார். இடுகாட்டிலும் அமைதிதான் நிலவுகிறது. அதை எவரும் ஒழுங்கு என்று பாராட்டுவதில்லை!

அந்த மாணவன் வேறு யாருமல்லன், நாம்தான்.

அந்தப் பள்ளியிலே ஓர் அலமாரி இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. உள்ளே குடுவை உண்டு, காந்தம் உண்டு, லென்சு உண்டு, தராசு உண்டு. கதவிலே பூட்டும் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள், ஆயுத பூசையன்று, அந்த அலமாரிக்குப் பொட்டு வைப்பார்கள். விஞ்ஞானத்துக்குச் சந்தனம் கிடைத்தது, குங்குமம் கிடைத்தது, சூடம் கிடைத்தது. திறவுகோல் மட்டும் கிடைக்கவில்லை!

ஆண்டுகள் உருண்டோடின. ஆசிரியர் ஓய்வு பெற்றார். ஒரு நாள் பொதுக்கூட்டம் முடிந்து மேடையை விட்டு இறங்குகிறோம். கூட்டத்தின் ஓரத்திலே நிற்கிறார் அவர். கைகூப்பினோம். கையைப் பற்றிக்கொண்டார். பழங்கதை பேசினோம். பேச்சோடு பேச்சாக, விளையாட்டாகத்தான், கப்பல் கேள்வியை நினைவூட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, அன்றைக்கு எனக்கு விடை தெரியாது. நான் படித்தது வரலாறு. விஞ்ஞான ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. என்னை எடுக்கச் சொன்னார்கள். தெரியாது என்று சொன்னால் நீங்களெல்லாம் சிரிப்பீர்களே என்று பயம். அந்தப் பயத்தைத்தான் உங்கள் மேல் கோபமாகக் காட்டினேன். அலமாரியைத் திறக்கவும் பயம்தான். ஒரு குடுவை உடைந்தால் என் பெயரில் எழுதிவிடுவார்களே!" என்றார்.

குற்றவாளி என்று இத்தனை காலம் நாம் எண்ணியிருந்தவர் குற்றவாளியல்லர். அவரும் அந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டவரே என்பது அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

ஆசிரியரின் அச்சம், மாணவனின் ஊமைத்தனமாக மாறுகிறது. இதுதான் நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இது நம் ஊர் ஆசிரியர் ஒருவருக்கு மட்டும் வாய்த்த நோயா? அன்று!

கடல் கடந்த ஸ்காத்லாந்திலே, 1990-களில், வின் ஹார்லன், காலின் ஹால்ராய்டு என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அணுகினர். "விஞ்ஞானம் கற்பிக்க உங்களுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை உண்டு?" என்று கேட்டனர். தாய்மொழிப் பாடமும் கணக்கும் கற்பிப்பதிலே இருந்த துணிவு, விஞ்ஞானம் என்றதும் பலருக்கு இல்லை. துணிவு குறைந்த ஆசிரியர் அதை மறைக்க என்னென்ன வழி தேடுகிறார் என்பதையும் அவர்கள் பட்டியலிட்டனர்.

முதல் வழி, விஞ்ஞானப் பாடத்தைத் தட்டிக் கழிப்பது. கூடிய மட்டும் குறைவாக நடத்துவது. இரண்டாவது, செடி கொடி, பூச்சி, பறவை என்று தெரிந்த பகுதியோடு நின்றுகொண்டு, மின்சாரம், விசை, ஒளி என்ற பக்கமே போகாமலிருப்பது. மூன்றாவது, புத்தகத்தில் எழுதியிருப்பதை வரி பிசகாமல் பின்பற்றுவது. நான்காவது, தாமே பேசிக்கொண்டிருப்பது. கேள்விக்கும் கலந்துரையாடலுக்கும் இடமே கொடாதிருப்பது. ஐந்தாவது, மிக எளிய சோதனை தவிர வேறெதையும் செய்யாதிருப்பது. கோளாறு செய்யக்கூடிய கருவியைத் தொடாதிருப்பது.

படித்துப் பாருங்கள் தோழர்களே! ஸ்காத்லாந்து ஆசிரியரைப் பற்றிய ஆய்வா இது, நம் ஆசிரியரைப் பற்றிய வாக்குமூலமா? மொழி வேறு, நிறம் வேறு, குளிர் வேறு, வெயில் வேறு. அச்சம் ஒன்றே!

அச்சம் என்ன செய்கிறது என்று பார்த்தோம். துணிவு எங்கிருந்து வரும்? அமெரிக்க உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பந்துரா, "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்பதை ஆராய்ந்து 1977-ல் ஒரு விளக்கம் தந்தார். பிறர் புகழ்ந்தால் கொஞ்சம் வரும். தம்மைப் போன்றவர் செய்வதைக் கண்டால் இன்னும் கொஞ்சம் வரும். ஆனால் தாமே ஒரு வேலையைச் செய்து, அதிலே வெற்றி கண்டால் வரும் நம்பிக்கைக்கு ஈடில்லை என்றார். உழைப்பாளித் தோழர்களுக்கு இதைச் சொல்ல ஓர் அறிஞர் தேவையா? உளியைப் பெட்டியிலே பூட்டி வைத்துவிட்டு, உளியின் இலக்கணத்தை ஒப்பிக்கச் செய்து எவனாவது தச்சனானதுண்டா? லேத் எந்திரத்தின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிப் பட்டறைக்கு ஆள் தயாரித்ததுண்டா? தொழிலாளிக்குத் தெரிந்த இந்த உண்மை, சுற்றறிக்கை எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரியமாட்டேன் என்கிறது. "ஆசிரியர்கள் ஆர்வத்துடன் கற்பிக்க வேண்டும்" என்று தாளிலே எழுதி அனுப்பிவிட்டால் ஆர்வம் அஞ்சலிலே வந்து சேருமா?

"பிள்ளைகள் கேள்வி கேட்காவிட்டால் என்ன, பாடத்தை ஒழுங்காகக் கேட்டால் போதாதா?" என்பாரும் உளர். அவர்களுக்கும் விடை இருக்கிறது. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய பாடங்களின் கல்லூரி வகுப்புகளைப் பற்றி நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு கணக்குப் போட்டனர். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்பிலே நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தோற்றனர். மாணவர் தாமே செய்தும், விவாதித்தும், விடை தேடியும் கற்ற வகுப்பிலே தோற்றவர் ஏறத்தாழ 22 பேர். நூறு பேரில் பன்னிரண்டு பேர் கரையேறினர்! அந்தப் பன்னிரண்டு பேர் யார் வீட்டுப் பிள்ளைகள்?

அதற்கும் 2020-ல் வந்த மற்றோர் ஆய்வு விடை தருகிறது. காலமெல்லாம் வாய்ப்பு மறுக்கப்பட்ட இனத்து மாணவருக்கும் வறிய குடும்பத்து மாணவருக்கும், ஏனையோருக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறதல்லவா? தாமே செய்து கற்கும் வகுப்பிலே, தேர்வு மதிப்பெண்ணில் அந்தப் பள்ளம் மூன்றில் ஒரு பங்கு தூர்ந்தது. தேர்ச்சி விகிதத்தில் 45 விழுக்காடு தூர்ந்தது. ஒரு நிபந்தனையும் உண்டு: பேருக்கு ஒரு நாள் செய்து காட்டினால் போதாது, வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி அப்படி நடக்க வேண்டும்.

வசதியுள்ளவன் பிள்ளைக்குப் பள்ளியிலே விடை கிடைக்காவிட்டால் வீட்டிலே கிடைக்கிறது. அப்பன் படித்தவன், அத்தை படித்தவள், தனிப்பாடத்துக்கு ஆள் உண்டு. மில்லிலும் கட்டடத்திலும் உழைத்துவிட்டு வரும் நம் தோழனின் பிள்ளைக்கு? வகுப்பறையிலே விழுந்த கேள்வி அங்கேயே செத்தது. அதற்கு மறுபிறவி கிடையாது. ஆகவே இது கற்பிக்கும் முறை பற்றிய சச்சரவு மட்டுமன்று, சமூகநீதிப் பிரச்சினை. படிக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் தடுத்தார்கள். இன்று படிக்கலாம், கேட்கக்கூடாது என்றால், பழைய கதவுக்குப் புதிய பூட்டுத்தானே!

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. 2010-ல் அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கற்பித்த 17 ஆசிரியைகளையும் அவர்களது மாணவ மாணவியரையும் ஆராய்ந்தனர். பாடம் கணிதம், விஞ்ஞானத்தின் உடன்பிறப்பு. ஆண்டுத் தொடக்கத்தில், ஆசிரியையின் கணித அச்சத்துக்கும் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை. ஆண்டு முடிவிலே, அச்சம் மிகுந்த ஆசிரியையிடம் பயின்ற சிறுமிகளிடையே, "கணக்கு ஆண் பிள்ளைக்குத்தான் வரும்" என்ற எண்ணம் கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வாறு எண்ணிய சிறுமிகளின் கணக்கும் பின்தங்கிற்று. அப்படி ஒரு சொல்லைப் பாடமாக நடத்தியவர் யாருமில்லை. அச்சம் தானே நடந்து சென்று தொற்றிக்கொண்டது!

"சரி, நோயைச் சொன்னீர், மருந்து உண்டா?" என்று கேட்கிறீர்கள். உண்டு. அதை மாளிகையில் தேட வேண்டாம். நர்மதை ஆற்றங்கரையிலே, மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் மாவட்டத்திலே தேடலாம். இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்.

1972-ஆம் ஆண்டு. அங்கே கிசோர் பாரதி, ரசூலியா நட்புறவு ஊரக மையம் என்ற இரு அமைப்புகள் சேர்ந்து, 16 கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளிலே ஒரு முயற்சியைத் தொடங்கின. கிசோர் பாரதியைத் தோற்றுவித்தவர் அனில் சத்கோபால். மும்பையின் டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து வேலையை உதறிவிட்டுக் கிராமத்துக்கு வந்த விஞ்ஞானி. அந்த நிறுவனத்து விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் துணைக்கு வந்தனர். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை விஞ்ஞானத்தைச் செய்து கற்பது என்பது திட்டம்.

நாலு நாலு பிள்ளைகளாகக் குழு. குழுவுக்குக் கருவிகள். 'பால வைஞானிக்', அதாவது 'குழந்தை விஞ்ஞானி' என்ற பாடநூல். அந்த நூலிலே ஒரு விந்தை: கேள்வி இருக்கும், விடை இராது! செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும். சவாலிராம் என்று ஒரு கற்பனை மனிதர். "கேள்விராமன்" என்று நாம் தமிழிலே அழைக்கலாம். மனத்தில் எழும் ஐயத்தையெல்லாம் பிள்ளைகள் அவருக்குக் கடிதமாக எழுதுவார்கள்; பதில் வரும். தேர்விலே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கு அங்கே வேலை ஏது!

"சோதனைச்சாலைக்குப் பணம்?" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். 1978-ல் அங்கே வந்து சேர்ந்த அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் எடுத்துக்கொண்டவை சைக்கிள் வால்வு டியூப், தீக்குச்சி, கருவேல முள். டியூப்பைத் துண்டு துண்டாக நறுக்கி, முள்ளால் துளையிட்டு, தீக்குச்சியைச் செருகினால் முக்கோணம், சதுரம், கூரை வீடு எல்லாம் எழும்பும். பலம் எது, வடிவம் எது என்று பிள்ளை விரலாலேயே கண்டுகொள்வான். நம் தோழர் ஒருவர் நடத்தும் சைக்கிள் கடையின் குப்பைத் தொட்டி போதும், ஒரு வகுப்பு நடத்த!

ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் டியூப்பிலே இல்லை, ஆசிரியரிடம் இருந்தது. கோடை விடுமுறையிலே வாரக் கணக்கில் பயிற்சி. கேட்டுக் குறித்துக்கொள்ளும் பயிற்சியன்று. பிள்ளை செய்யப் போகும் ஒவ்வொரு சோதனையையும் ஆசிரியர் தம் கையாலே முதலில் செய்து பார்க்கும் பயிற்சி. பல்கலைக்கழகப் பேராசிரியரும் பட்டிக்காட்டு ஆசிரியரும் ஒரே மேசையிலே அமர்ந்தனர். பயிற்சி முடிந்ததும் கைகழுவிவிடவில்லை. மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடினர்: "இந்தச் சோதனை என் வகுப்பிலே சரியாக வரவில்லை, ஏன்?" என்று வெட்கமின்றிக் கேட்டனர். பள்ளிக்கே வந்து கைகொடுக்க ஆளிருந்தது. அப்படிப் பயின்றவர்களிலே சிலர் பிற ஆசிரியர்க்குப் பயிற்சி தருபவராயினர். பாடநூல் எழுதும் வேலையிலும் பங்கு பெற்றனர்.

எல்லா ஆசிரியரும் ஒரே நாளில் மாறிவிட்டனர் என்று நாம் கதையளக்க வரவில்லை. மாறாதவர் உண்டு, கருவிப் பெட்டி வெறுமையான பள்ளியும் உண்டு. ஆனால், "தெரியாது" என்று சொல்வது அவமானமன்று, அதுதான் விஞ்ஞானத்தின் முதல் சொல் என்ற நிலை அங்கே உருவாயிற்று. 1978-ல் மாவட்டம் முழுதும் பரவிற்று. 1982-ல் அதை வளர்க்கவே ஏகலவ்யா என்ற நிறுவனம் எழுந்தது. பெயரைக் கவனித்தீர்களா? கட்டைவிரலைக் காணிக்கையாகப் பறிகொடுத்தவன் பெயர்! ஏறத்தாழ ஆயிரம் பள்ளிகள், ஓர் இலட்சம் பிள்ளைகள் என்று திட்டம் வளர்ந்தது.

பிறகு? 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. அறிஞர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர், பயனில்லை. முப்பது ஆண்டு வளர்ந்த மரம். நடுவதற்கு எத்தனையோ கைகள் தேவைப்பட்டன; வெட்டுவதற்கு ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கோடிக்கணக்கில் பணம் படைத்தவராயிருந்தால் அந்தக் கையெழுத்து அத்தனை எளிதில் விழுந்திருக்குமா என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பரில் திருச்சியிலே தமிழ்நாடு அரசு 'வானவில் மன்றம்' என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் செய்து கற்பதற்காக, கருவிகளோடு கருத்தாளர்கள் பள்ளிக்கு வருவது என்ற ஏற்பாடு. வரவேற்றோம். ஆனால் நம்மவர் செய்தது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருந்தால், நாம் கேள்வியைப் பற்றி எழுதத் தகுதியற்றவர்கள். விருந்தாளி வந்து சோதனை காட்டிவிட்டுப் போகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மறுநாள்? அன்றாடம் அந்த வகுப்பிலே நிற்பவர் அந்த ஆசிரியரே. அவர் கை துணிந்ததா? அதுதான் உரைகல். விருந்தாளி போட்ட விளக்கு, வீட்டுக்காரர் எண்ணெய் ஊற்றினால்தான் எரியும்.

ஆகவே தோழர்களே, ஆசிரியரை ஏசுவதை விட்டு, அவருக்குத் துணையாக நில்லுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கு அளித்திருக்கிறது. உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலி அலங்காரத்துக்கல்ல. அங்கே அமர்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். விஞ்ஞான அலமாரியின் திறவுகோல் யாரிடம்? பிள்ளைகள் கை பட்டு ஒரு குடுவை உடைந்தால் அந்தச் செலவு யார் தலையில்? விஞ்ஞானம் கற்பிப்பவர் தம் கையால் சோதனை செய்து பயில, கடைசியாக எப்போது வாய்ப்புத் தரப்பட்டது? விடை வராவிட்டால் மறு மாதமும் கேளுங்கள். குடுவை உடையட்டும், பிள்ளையின் ஆர்வம் உடையக்கூடாது.

இன்னொன்று. வகுப்பிலே இரைச்சல் கேட்கிறது என்று ஆசிரியரைக் குறை கூறாதீர்கள். 2019-ல் ஆர்வர்டு பல்கலைக்கழகத்து இயற்பியல் வகுப்புகளிலே கண்டது இது: சொற்பொழிவு கேட்ட மாணவர், தாம் அதிகம் கற்றதாக எண்ணினர், தாமே முட்டி மோதிக் கற்றவர், குறைவாகக் கற்றதாக எண்ணினர். தேர்வு வைத்தால் முட்டி மோதியவரே அதிகம் கற்றிருந்தனர்! மேடைப் பேச்சாளனாகிய நாம் இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. இனிக்கும் பேச்சு வேறு. ஏறும் அறிவு வேறு.

கப்பலுக்கு விடை சொல்லாமல் முடித்தால், நாமும் அந்த வகுப்பையே நடத்தியவராவோம். களிமண் உருண்டை ஒன்றை வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கும். அதே மண்ணை எடுத்து, ஒரு துளி கூட்டாமல், ஒரு துளி குறைக்காமல், கிண்ணம்போல் மெல்லிதாகக் குழித்து மெதுவாக வையுங்கள். மிதக்கும்! மண்ணும் மாறவில்லை, எடையும் மாறவில்லை. வடிவம் விரிந்தது, ஆகவே அது ஒதுக்கித் தள்ளும் தண்ணீர் கூடிற்று. ஒதுக்கிய தண்ணீரின் எடை மண்ணின் எடைக்கு ஈடானதும், தண்ணீரே அதைத் தாங்கிக்கொள்கிறது. கப்பலின் கதையும் அதுவே. செலவு, ஒரு கைப்பிடிக் களிமண். தேவை, "எனக்கும் தெரியாது, வா தம்பி, செய்து பார்ப்போம்!" என்று சொல்லும் ஓர் ஆசிரியர்.

நம் வீட்டுப் பிள்ளையும் அந்தக் களிமண்தான். உருட்டிப் போட்டால் மூழ்குவான். இடங்கொடுத்து விரித்தால் மிதப்பான், கடலும் கடப்பான்.

அலமாரிக்குப் பொட்டு வைத்தது போதும். பூட்டைத் திறவுங்கள்!